கண்டி மண்ணில் அரபு இலக்கியப் பட்டம்: உள்ளே என்ன இருக்கிறது?

உயர்தரப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழகத்தில் அரபு படிக்கப் போகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் எங்கள் பக்கத்து வீடுகளில் இரண்டு கேள்விகள்தான் வரும். "மௌலவியாகப் போறியா?" என்பது ஒன்று. "சவூதிக்குப் போறதுக்கா?" என்பது மற்றது. அக்குறணையில் கேட்டாலும் கம்பளையில் கேட்டாலும் மடவளையில் கேட்டாலும் இதே இரண்டுதான். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. அரபு என்றால் நமக்கு ஒன்று ஓதுகிற மொழி, இல்லாவிட்டால் வளைகுடாவில் உழைக்கிற மொழி. அதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுக் கவிதை இருக்கிறது, கதை இருக்கிறது, சண்டை போட்டுக்கொண்ட புலவர்கள் இருக்கிறார்கள் என்பது வீட்டில் யாரும் பேசாத விஷயம். பட்டப்படிப்பின் பெரும்பகுதி அதுதான்.

இந்தப் படிப்புக்கு மலையகத்துப் பிள்ளைக்குப் பக்கத்திலேயே வாசல் இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கலைப் பீடத்தில் அரபு, இஸ்லாமிய நாகரிகத் துறை இயங்குகிறது. 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் மகாவலிக் கரைக்கு, ஹந்தானை மலையடிவாரத்துக்கு வந்தது. கம்பளை, நாவலப்பிட்டிப் பக்கத்துப் பிள்ளை காலை ரயிலேறி சரசவி உயனவில் இறங்கினால் வளாகத்துக்குள் நடந்தே போய்விடலாம். இன்னொரு வாசல் கிழக்கில், ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில். அங்கே இஸ்லாமிய கற்கைகளுக்கும் அரபு மொழிக்கும் தனிப் பீடமே உண்டு. தனிப் பீடம் என்றால் நாள் முழுக்க அரபுச் சூழல். பேராதனையில் அரபு, தமிழோடும் சிங்களத்தோடும் வரலாற்றோடும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறது. என்னைக் கேட்டால், முதலாண்டில் பாடம் தெரிவு செய்யும்போது அரபோடு தமிழையும் எடுக்க வாய்ப்பிருந்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள் என்பேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். பொதுப் பட்டம் மூன்று ஆண்டு, சிறப்புப் பட்டம் நான்கு. இலக்கியத்தின் ஆழம் தெரிய வேண்டுமானால் நான்காவது ஆண்டு வேண்டும்.

வகுப்பில் இரண்டு வகைப் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். ஒரு சாரார் மத்ரஸாவில் ஓதியவர்கள். பதினான்காம் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'ஆஜுர்ரூமிய்யா' என்ற சின்ன இலக்கண நூலைத் தலைகீழாகச் சொல்வார்கள். இப்னு மாலிக்கின் ஆயிரம் அடிகொண்ட 'அல்ஃபிய்யா'விலும் பாதியாவது மனப்பாடமாக இருக்கும். ஒரு சொல்லின் கடைசியில் 'உ' வருமா 'அ' வருமா 'இ' வருமா என்பதில் அவர்களை அசைக்க முடியாது. ஆனால் இன்றைய பத்திரிகையில் ஒரு பத்தியைக் கொடுத்தால் தடுமாறுவார்கள். மற்றவர்கள் பாடசாலையில் உயர்தரத்துக்கு அரபை ஒரு பாடமாக எடுத்தவர்கள். கட்டுரை எழுதுவார்கள், கேள்விக்கு விடை எழுதுவார்கள், இலக்கணத்தில் ஆட்டம் காணும். கலைப் பீடங்களில் பெண் பிள்ளைகளே அதிகம் என்பதால், இந்த இரண்டாம் கூட்டத்தின் பெரும்பகுதி அவர்கள்தான். முதலாண்டு முழுக்க இரண்டு கூட்டமும் ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்கித்தான் கரையேற வேண்டியிருக்கிறது.

இருவருக்கும் பொதுவான ஒரு சிக்கல் காது. தமிழில் 'க' ஒன்றுதான். அரபில் அடிநாக்கு உள்நாக்கைத் தொட்டு ஆழத்திலிருந்து வரும் 'க' வேறு, அதற்குச் சற்று முன்னாலிருந்து வரும் 'க' வேறு. நம் வீடுகளில் "கல்புல ஒன்டும் வெச்சிக்காதீங்க" என்று சொல்கிறோமே, அந்தக் கல்பு ஆழமான 'க'வில் இதயம். சாதாரண 'க'வில் சொன்னால் நாய். நாம் தமிழ் பேசும்போது யாருக்கும் குழப்பமில்லை. கவிதையை வாய்விட்டுப் படிக்கும்போதுதான் ஆசிரியர் நிறுத்துவார்.

'நஸீபு' இன்னும் நல்ல உதாரணம். "எல்லாம் நஸீபு" என்று விதியைச் சொல்வது எங்கள் வீட்டுப் பேச்சு. முதலாண்டு இலக்கிய வகுப்பில், பழைய அரபுக் கவிதையின் முதல் பகுதிக்குப் பெயர் நஸீப் என்று சொன்னபோது, விதியைப் பற்றிப் புலம்பும் பகுதி என்றே நான் குறிப்பெழுதி வைத்தேன். இரண்டும் வேறு எழுத்து. விதியின் நஸீபில் வருவது அழுத்தமான 'ஸாத்'. கவிதையின் நஸீபில் வருவது மெல்லிய 'ஸீன்'; அதற்குப் பொருள் பிரிந்துபோன காதலியை நினைத்துப் பாடுவது. தமிழ் எழுத்தில் எழுதியதும் வித்தியாசம் அழிந்துவிடுகிறது. இந்தச் சங்கடம் நம் முன்னோருக்கும் தெரிந்திருந்தது. அவர்கள் அதை மறுபக்கத்திலிருந்து தீர்த்தார்கள்: அரபு எழுத்தை எடுத்து, தமிழ் ஒலிகளுக்கு வேண்டிய புள்ளிகளைச் சேர்த்து, தமிழையே அதில் எழுதினார்கள். அதுதான் அரபுத் தமிழ். பாட்டி காலத்துப் பெட்டிகளில் இன்னும் அப்படிப்பட்ட கிதாபுகள் கிடக்கின்றன. அரபுப் பட்டதாரி ஒருவர் அதை எடுத்து வாசித்துக் காட்டினால், வீட்டில் அந்தப் படிப்பின் மதிப்பு ஒரே நாளில் தெரிந்துவிடும்.

அப்புறம் சொல்லமைப்பு. தமிழில் வேர் முன்னே நிற்கும், விகுதிகள் ரயில் பெட்டிபோலப் பின்னால் கோர்த்துக்கொண்டு வரும். அரபில் மூன்று மெய்யெழுத்துகள் கொண்ட வேர் ஒன்று இருக்கும். அதற்குள்ளேதான் உயிர்கள் மாறும். க-த-ப என்பது எழுதுவதற்கான வேர். கிதாப் புத்தகம், காதிப் எழுதுபவர், மக்தூப் எழுதப்பட்டது, மக்தப் எழுதும் இடம். ஒரே தேயிலைக் கொழுந்தை வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, காயவைத்து, சலித்து பிஓபி என்றும் டஸ்ட் என்றும் தரம் பிரித்தெடுப்பதுபோல, ஒரே வேரிலிருந்து வினை மட்டுமே பத்து வாய்பாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. வாய்பாடு மாறினால் பொருள் எங்கேயோ போய்விடும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

யாப்புக்கு வருவோம். தமிழையும் எடுங்கள் என்று சொன்னது இதற்காகத்தான். எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் அரபுக் கவிதையின் சந்தங்களைப் பதினைந்தாக வகுத்தார், பின்னால் ஒன்று சேர்ந்து பதினாறானது. அதைப் படிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் மனப்பாடம் செய்து, பரீட்சையோடு மறந்துவிடுகிறார்கள். ஆனால் நாம் ஒன்பதாம் பத்தாம் வகுப்பில் தேமா, புளிமா படித்தவர்கள் அல்லவா? 'காமில்' என்ற சந்தத்தின் அடிப்படைச் சீர் 'முதஃபாஇலுன்'. அதைத் தமிழ் அசையாகப் பிரித்துப் பாருங்கள்: முத, பா, இலுன். நிரை, நேர், நிரை. அதாவது புளிமாங்கனி! காமிலில் இந்தச் சீர் சில இடங்களில் 'முஸ்தஃப்இலுன்' என்று மாறலாம் என்பது விதி. முஸ், தஃப், இலுன். நேர், நேர், நிரை. தேமாங்கனி. கனிச்சீர் என்றால் நமக்கு வஞ்சிப்பா நினைவுக்கு வரும். பள்ளிவாசல்களில் நாம் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த, நபிகளைப் புகழும் புர்தா, பதின்மூன்றாம் நூற்றாண்டு எகிப்தியப் புலவர் பூஸீரி பாடியது, 'பஸீத்' சந்தத்தில் ஓடுகிறது. அதன் அடிப்படை ஓட்டம் தேமாங்கனி, கூவிளம், தேமாங்கனி, புளிமா. இரண்டு யாப்பும் ஒன்றல்ல, அரபில் குறில் நெடில் கணக்கு இன்னும் கறாரானது. ஆனாலும் அந்நியமான சந்தம் ஒன்று சட்டென்று காதுக்குள் வந்து உட்கார இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

பாடப்பொருளிலும் அப்படித்தான். இஸ்லாத்துக்கு முந்திய கவிஞர்களில் பெயர்பெற்ற இம்ரஉல் கைஸ் தன் நெடும்பாட்டை, கூட வந்த இருவரை நிற்கச் சொல்லி, காதலி கூடாரம் அடித்திருந்த இடத்தைப் பார்த்து அழுவதில் தொடங்குகிறார். 'இருவரும் நில்லுங்கள்' என்பதற்கு அரபில் ஒரே சொல், ஏனென்றால் ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே இருமை என்று ஓர் எண் அந்த மொழியில் உண்டு. மணல், ஒட்டகம், காய்ந்த சாணம், கூடாரத்துக் குழிகள். மழை பெய்து ஜன்னலுக்கு வெளியே ஹந்தானை மறைந்துபோன ஒரு மத்தியானத்தில் இதைப் படிப்பது விசித்திரமான அனுபவம். ஆனால் பாலைத் திணையைப் படித்த பிள்ளைக்குப் பிரிவும் வெயிலும் வழிநடையும் ஒரு பாட்டுக்குள் ஏன் சேர்ந்து வருகின்றன என்று விளக்க வேண்டியதில்லை.

அதன் பிறகு பாடத்திட்டம் ஜரீர், ஃபரஸ்தக் இருவரின் வசைப்பாட்டுப் போட்டி, அப்பாஸியர் காலத்து முதனப்பீ, ஜாஹிஸின் உரைநடை, பஞ்சதந்திரக் கதைகள் பாரசீகம் வழியாக அரபுக்குப் போய்ச் சேர்ந்த 'கலீலா வ திம்னா', ஹரீரியின் ஐம்பது மகாமாக்கள் (எதுகை உரைநடைக் கதைகள்) என்று விரிந்து, 1988இல் நோபல் பரிசு பெற்ற நஜீப் மஹ்ஃபூஸ் வரை வரும். எல்லாவற்றையும் இங்கே சொல்ல இடமில்லை. ஒருவரைப் பற்றி மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் எங்கள் ஊரில் வாழ்ந்தவர்.

மஹ்மூத் சாமி அல்பாரூதி. 1839இல் பிறந்தவர், படைத்தலைவர், 1882இல் சில மாதங்கள் எகிப்தின் பிரதமர். அஹ்மத் உராபியின் எழுச்சியை ஆங்கிலேயர் அதே ஆண்டு செப்டெம்பரில் தல் அல்கபீரில் முறியடித்த பிறகு, உராபியோடும் மற்றத் தோழர்களோடும் நாடு கடத்தப்பட்டு 1883 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கினார். நம்மூரில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் உராபி பாஷாதான். அவர் 1892இல் கண்டிக்கு வந்து 1901 வரை இருந்தார், அவர் பெயரில் கண்டியில் ஒரு கலாசார நிலையமும் உண்டு. ஆனால் இலக்கிய மாணவருக்குப் பெரிய பெயர் பாரூதி. நவீன அரபுக் கவிதையின் வரலாற்றைப் பாடநூல்கள் அவரிடமிருந்துதான் தொடங்குகின்றன. பல நூற்றாண்டுகளாகச் சொல்லலங்காரமாக இளைத்துப்போயிருந்த கவிதையை, அப்பாஸியர் காலத்துக் கம்பீரத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தவர் அவர். 'வாளுக்கும் எழுதுகோலுக்கும் தலைவர்' என்பது அவருக்கு அரபுலகம் கொடுத்த பட்டம். அவருக்குப் பிறகுதான் ஷௌகியும் ஹாஃபிஸ் இப்ராஹீமும்.

அவர் நம் தீவில் பதினேழு ஆண்டுகளுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தார். முதலில் கொழும்பு, பிறகு கண்டி. மனைவி எகிப்தில் இறந்த செய்தி இங்கேதான் அவருக்கு வந்தது. அந்த இரங்கற்பா, மரணத்தின் கையைப் பார்த்து, 'எந்தச் சக்கிமுக்கியைத் தட்டிவிட்டாய், என் நெஞ்சில் எந்தத் தீயைப் பறக்கவிட்டாய்' என்ற கருத்தோடு தொடங்கும். சந்தம் காமில், அதே புளிமாங்கனி. புர்தாவின் வழியில் நபிகளைப் புகழ்ந்து 447 அடிகளில் ஒரு நீண்ட பாட்டையும் நாடுகடத்தப்பட்ட காலத்திலேயே பாடினார். நைல் நதியை நினைத்து, சரந்தீப் என்று நம் தீவின் பழைய அரபுப் பெயரைச் சொல்லிப் பாடிய கவிதைகள் தனி வகையாகவே பேசப்படுகின்றன. இன்னொரு விஷயம்: இங்கிருந்த காலத்தில் அவர் ஊர் மக்களுக்கு அரபு சொல்லிக்கொடுத்தார், தானும் ஆங்கிலம் கற்றுக்கொண்டார். பார்வை மங்கிய நிலையில் 1899இல் எகிப்து திரும்பி, 1904இல் காலமானார். பேராதனை வகுப்பில் பாரூதி வரும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்பது என் ஆசை. கெய்ரோவில் படிக்கும் மாணவனுக்கு சரந்தீப் எட்டாத ஒரு தீவு. நமக்கு அது பஸ் போகிற பாதை.

இதன் மறுபக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கண்டியில் 1838இல் பிறந்த வழக்கறிஞர் சித்திலெப்பை, 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை 1882இல் தொடங்கியவர், 1885இல் 'அசன்பேயுடைய கதை'யை வெளியிட்டார். இலங்கையின் முதல் தமிழ் நாவலாகப் பேசப்படும் அந்தக் கதைக்கு எகிப்தும் ஒரு களம். ஓர் எகிப்தியக் கவிஞர் இந்தத் தீவிலிருந்து நைலைப் பாடிக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே, கண்டியில் பிறந்த ஒரு முஸ்லிம் எழுத்தாளர் தமிழில் கெய்ரோவைக் கற்பனை செய்துகொண்டிருந்தார். தமிழும் அரபும் சேர்த்துப் படித்த ஒரு மாணவர் ஆய்வுக்குப் பொருள் தேடி அலைய வேண்டியதே இல்லை.

இன்னும் பின்னால் போனால் இப்னு பதூதா. 1344இல் இங்கே வந்து, நாம் பாவா ஆதம் மலை என்றும் சிவனொளிபாதமலை என்றும் சொல்லும் மலையில் ஏறினார். பயண இலக்கியம் என்ற பாடத்தில் அவருடைய நூலைப் படிக்கும்போது, மலையேற்றத்துக்கு நடுவே அட்டையைப் பற்றி ஓரிடம் வரும். நீருக்குப் பக்கத்து மரத்திலும் புல்லிலும் இருந்து ஆள்மேல் பாய்கிறது, கடித்தால் இரத்தம் நிறையப் போகும், அதற்காக மக்கள் எலுமிச்சம்பழத்தைத் தயாராக வைத்திருந்து பிழிகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு இந்தப் பந்திக்கு அகராதி தேவைப்படாது.

அரபு படிக்க முஸ்லிமாக இருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதப்படவில்லை. தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள் இந்தப் பக்கம் அதிகம் வராதது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஏனென்றால் அரபுச் சொற்களோடு அவர்களுக்கும் நாளாந்தப் பழக்கம் உண்டு. பாக்கி, வசூல், ரத்து, அசல், நகல், வாரிசு, வக்கீல் எல்லாமே பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்த அரபுச் சொற்கள்தான். அதோடு, எத்தனையோ தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து யாராவது ஒருவர் ரியாதிலோ குவைத்திலோ இருக்கிறார்.

அங்கே பேசும் அரபு வேறு, பட்டத்தில் படிக்கும் அரபு வேறு. எட்டு வருடம் சவூதியில் இருந்துவிட்டு வந்த பெண் ஒருவர் சந்தையில் சரளமாகப் பேசுவார், பத்திரிகை வாசிக்கத் தெரியாது. பட்டதாரி, இம்ரஉல் கைஸ் போன்றவர்களின் பழைய நெடும்பாட்டுகளான முஅல்லகாத்துக்கு உரை சொல்வார், ஜித்தாவில் டாக்ஸிக்காரர் பேசினால் விழிப்பார். இதை ஒரு குறையாகவே நம்மவர்கள் நினைக்கிறார்கள். சார்ல்ஸ் ஃபெர்குசன் என்ற மொழியியலாளர் 1959இல் இந்த இரட்டை வழக்கைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் முக்கிய உதாரணங்களில் ஒன்று அரபு. தன் வரையறைக்கு அப்படியே பொருந்துகிறது என்று அவர் சேர்த்துச் சொன்ன மொழி தமிழ். வீட்டில் ஒன்று, எழுத்தில் ஒன்று என்று பிறந்ததிலிருந்து பழகியவர்கள் நாம். அரபின் இரண்டு வழக்கும் நமக்குப் புதிர் அல்ல, நேரம்தான் வேண்டும். பட்டத்தோடு ஏதாவது ஒரு பேச்சு வழக்கையும் பழகிக்கொள்வது நல்லது.

வேலை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரும்பாலானோர் ஆசிரியராகிறார்கள். அதற்கு அரச நியமனம் வர வேண்டும், அதுவரை காத்திருப்பு நீளும். சிலர் மேற்படிப்புக்கு வெளிநாடு போகிறார்கள். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகப் பதிவு செய்துகொள்கிறவர்கள் கொஞ்சப் பேர். இந்தக் கடைசி வேலைக்கு மலையகத்தில் எவ்வளவு தேவை இருக்கிறது என்று நான் இரண்டாம் ஆண்டில் இருக்கும்போது தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீட்டுக்கு மேலே உள்ள தோட்டத்திலிருந்து ஓர் அக்கா போனை எடுத்துக்கொண்டு வந்தார். மகள் ரியாதில் வீட்டு வேலையில் இருந்தாள். வாட்ஸ்அப்பில் ஒரு தாளின் படம் வந்திருந்தது. "இதுல கையெழுத்துப் போடச் சொல்றாங்களாம் தம்பி. ஆறு மாசச் சம்பள பாக்கி இருக்கு. என்னான்னு பாத்துச் சொல்லுங்க."

தாளின் நடுவில் ஒரு வாக்கியம்: 'அதனாஸலு அன் ஜமீஇ ஹுகூகீ.' ஜமீஇ என்றால் எல்லாம், ஹுகூகீ என்றால் என் உரிமைகள். அது தெரியும். முதல் சொல்லின் வேர் ந-ஸ-ல. குர்ஆன் இறங்கியதை நுஸூல் என்கிறோமே, அதே வேர். இறங்குவது, இறக்கி அருள்வது என்றே என் மனம் போனது. "சம்பளம் எல்லாம் குடுக்கிற மாதிரிதான் போட்டிருக்கு அக்கா" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் தெளிந்து திரும்பிப் போனார்.

இரவு படுத்தும் தூக்கம் வரவில்லை. நடுவிலிருந்த 'அன்' என்ற சின்னச் சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. எழுந்து ஹான்ஸ் வேர் (Hans Wehr) என்பவர் தொகுத்த அரபு அகராதியில் ந-ஸ-ல வேரைத் தேடினேன். அந்த அகராதி வேர் வரிசையில்தான் இருக்கும், ஒவ்வொரு வாய்பாட்டுக்கும் பொருள் தனித்தனியே போட்டிருக்கும். முதல் வாய்பாடு இறங்குதல். நான்காவது இறக்குதல். ஆறாவது வாய்பாடு, 'அன்' என்ற சொல்லோடு வந்தால், விட்டுக்கொடுத்தல், உரிமையைக் கைவிடுதல். என் உரிமைகள் அனைத்தையும் கைவிடுகிறேன் என்று எழுதிய தாள் அது.

மணி பன்னிரண்டு இருக்கும். டோர்ச் எடுத்துக்கொண்டு லயத்துக்கு ஏறினேன். வாப்பாவும் கூடவே வந்தார். அக்காவை எழுப்பி, நான் சொன்னது பிழை, கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அங்கே நேரம் இரண்டரை மணித்தியாலம் பின்னால், மகள் இன்னும் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மூன்றாவது முறை அழைத்தபோது எடுத்தாள். "போட்டுட்டியாம்மா?" என்று அக்கா கேட்டார். இல்லை, விடிந்ததும் போடச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள்.